வாய் கட்டிய பூசை

ஐயா கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லுகிறவர். எங்கள் ஊர்க் கோயிலில் ஆடியில் ஏடு திறந்தால் சூரன்போரோடுதான் மூடும். ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்துப் படிப்பார். ஐயா பதம் பதமாகப் பிரித்துப் பொருள் சொல்லுவார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. படிக்கிறவர் பாதி அடியில் மூச்சு வாங்கினால் மீதி ஐயாவின் வாயில் காத்திருக்கும்.

1978இல் அவரைக் கூப்பிடவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. கோயிற் பொறுப்பு கைமாறியிருந்தது. பட்டம் படித்த ஒருவர் சொன்னால் சபைக்கு மதிப்பு என்று புதியவர்களுக்குப் பட்டிருக்கிறது. அதை ஐயாவிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை. அவர் வழமைபோலக் குளித்து, திருநீறு பூசி, சால்வையை மடித்துத் தோளிற் போட்டுக்கொண்டு போனார். அவர் இருக்கிற இடத்தில் வேறொருவர் இருந்தார். ஐயா தூணடியில், சனத்தோடு சனமாக இருந்துவிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று கூசிப்போய்த் திரும்பினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

முதல் நாள், கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் கதை சொல்ல வேண்டும். காஞ்சி குமரகோட்டத்தில் அரங்கேற்றம். முதற் பாட்டின் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று ஒருவர் மறிக்கிறார். கச்சியப்பரிடம் பதில் இல்லை. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தோடு வந்து விதியைக் காட்டுகிறார். வந்தவன் முருகன் என்பது கதை. பதில் வராத அந்த ஓர் இரவுக்கே ஐயா அரைமணித்தியாலம் எடுப்பார். புதியவர் இரண்டு வசனத்தில் தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தா.

"இத்தனை வருசம் பயன் சொன்ன மனிசன். வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கேட்டாலென்ன?"

"கேக்கத்தானே போனனான். கதை கேட்டன்" என்றார் ஐயா.

அடுத்த வெள்ளி என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலி தாண்டிச் செல்வச்சந்நிதிக்கு மிதித்தார். தொண்டைமானாற்றங்கரை. அந்த ஆற்றில் மீன்பிடித்த மருதர் கதிர்காமரைத்தான் முருகன் பூசைக்குக் கூப்பிட்டான் என்பார்கள். அந்த வழியில் வந்த பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார். மந்திரம் கிடையாது. ஆலமிலைகளில் அமுது, மொத்தம் 65 இலை என்று ஐயா விரலால் காட்டினார். துணிக்குள் பூசகரின் மூச்சு போய்வருவது மட்டும் தெரிந்தது. சொல்லையே தொழிலாக வைத்திருந்தவர், சொல்லில்லாத அந்தப் பூசையை இமை வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மடத்தில் பூசணிக்காய் வெட்டக் குந்தினார். சந்நிதியான் அன்னதானக் கந்தனாயிற்றே, அங்கே கைக்கு வேலை இல்லாத நாளில்லை. "அண்ணை, துண்டைப் பெரிசா வெட்டுங்கோ, கரைஞ்சு போகும்" என்று ஒரு பெடியன் அதட்டிவிட்டுப் போனான். ஐயா பெரிசாக வெட்டினார்.

அது பணிவா, ரோசமா? அம்மா கடைசிவரை ரோசம் என்றே சொன்னா. நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரோசக்காரன் வருசா வருசம் அதே தூணடிக்குப் போய் இருப்பானா? ஒருமுறை பாட்டின் பொருள் பிசகியது. இரண்டொரு கிழவர்கள் ஐயா பக்கம் திரும்பினார்கள். ஐயா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பாத்துக்கொள்ளுவான்" என்றார் வழியில். யார் எவன் என்று நான் கேட்கவில்லை.

1995 ஐப்பசியில் சண்டைக்குத் தப்பி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ஐயாவின் கந்தபுராணம் சாமியறை இறாக்கையில் கிடந்தது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது இறாக்கையுமில்லை, கூரையுமில்லை. படிக்கிறவர் செத்துப்போனார். ஐயாவின் இடத்தில் பயன் சொன்னவர் கனடா போய்விட்டாராம்.

தகரக் கொட்டிலின் திண்ணையில் பின்னேரங்களில் ஐயா பாட்டை நினைவிலிருந்து எடுத்துப் பாடுவார், படிக்கிறவரின் அதே இழுவையில். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவார். மறந்துபோனாராக்கும் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். சால்வைத் தலைப்பு வாயில் இருந்தது. அதற்குள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அசைவு நின்றதும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.