சேஃப்ஹூக், முன்னே!

ஆண்ட்வெர்ப் நகரின் வடபகுதியில் சேஃப்ஹூக் என்றொரு பேட்டை. மொராக்கோக்காரர் கசாப்புக் கடை, துருக்கியர் ரொட்டிக் கடை, ஆப்பிரிக்கப் பெண்கள் தலை பின்னும் கடை என்று நீளும். 1913இல் வில்லி வாண்டர்ஸ்டீன் இங்கே பிறந்தபோது அது ஃபிளெமிஷ் தொழிலாளிகளின் பேட்டை. அவர் 1945இல் ஒரு நாளிதழில் ஆரம்பித்த படக்கதைதான் 'சுஸ்கே–விஸ்கே'. அவர் 1990இல் போய்ச் சேர்ந்த பிறகும் தொடர் நிற்கவில்லை. ஆல்பங்கள் முந்நூற்றைத் தாண்டி வந்துகொண்டே இருக்கின்றன. டின்டினை வரைந்த எர்ஜே, தனக்குப் பின் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். வாண்டர்ஸ்டீனோ உயிரோடு இருக்கும்போதே பொறுப்பைச் சீடரிடம் கொடுத்துவிட்டார். எனக்கு இந்தப் பட்டறைக்காரர் மனசுதான் பிடிக்கிறது.

எனக்கு டச்சு வந்தது இந்தப் புத்தகங்களால். வகுப்புக்கும் போனேன். அங்கே பாடப்புத்தக மனிதர்கள் ரொட்டி வாங்கினார்கள், டாக்டரிடம் போனார்கள், வேறொன்றும் செய்யவில்லை. பழைய சாமான் கடையில் கிடைத்த சிவப்பு அட்டை ஆல்பங்களில் ஆட்கள் கத்தினார்கள், பீற்றிக்கொண்டார்கள், கால எந்திரத்தில் ஏறிப் பறந்தார்கள். அதிலே ஜெரோம் என்றொரு பலசாலி. முழு வாக்கியம் பேசவே மாட்டான், எல்லாம் தந்தி பாஷை. புதிதாக மொழி பழகுகிறவனுக்கு இவனைவிடத் தோழன் உண்டா?

படத்தைப் பிடித்துக்கொண்டு மொழிக்குள் போவது எனக்குப் பழக்கம்தான். சித்தூரில் வீட்டிலே தமிழ், பள்ளியிலே தெலுங்கு. திருப்பதியில் வேலை பார்த்த மாமா வரும்போதெல்லாம் தெலுங்கு 'சந்தமாமா'வும் தமிழ் 'அம்புலிமாமா'வும் சேர்த்தே வாங்கி வருவார். இரண்டும் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கியவை. இரண்டையும் பக்கம் பக்கமாகத் தரையில் விரித்தால், உருவிய வாளோடு சவத்தைத் தோளில் சுமந்து வரும் சங்கரின் விக்கிரமாதித்தன் இரண்டிலும் அதே நடை நடப்பான். தெலுங்கில் தட்டினால் தமிழுக்குத் தாவுவேன். ஆனால் இரண்டிலுமே எங்கள் தெருப் பேச்சு கிடையாது. அப்பாவை 'நைனா' என்று கூப்பிட்டு, ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற எங்கள் ஊர்க்காரன் ஒருவன்கூட அதிலே வரவில்லை.

வாண்டர்ஸ்டீன் தெருப் பேச்சைத்தான் கதைக்குள் கொண்டுவந்தார். ஆரம்பகாலக் கதைகளில் பாத்திரங்கள் ஆண்ட்வெர்ப் வழக்கில் பேசுகிறார்கள். சுஸ்கே அந்த ஊர்ப் பையன்கூட இல்லை. அமோரஸ் என்ற கற்பனைத் தீவில் கிடைத்தவன். எப்போதோ கப்பலேறிப் போய் அங்கே ஒதுங்கிய ஆண்ட்வெர்ப்காரர்களின் வம்சம். விஸ்கேயின் அத்தை சிடோனியா அவனை வீட்டுக்குக் கூட்டி வந்து வளர்க்கிறாள். தீவிலே பிறந்த அந்தப் பையனுக்கு வெறியேற்றும் போர்க்குரல், 'சேஃப்ஹூக், முன்னே!' தான் பார்த்தே இராத பேட்டையின் பெயர்! இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே வளரும் நம் பிள்ளைகள் சித்தூரைப் பற்றிப் பேசுவதும் இப்படித்தானே.

பின்னால் நெதர்லாந்திலும் விற்பனை பெருக, 1960களில் பேச்சைப் பொது டச்சுக்கு மாற்றிவிட்டார்கள். வியாபாரம், குறை சொல்ல முடியாது. நான் மட்டும் மாற்றாத பதிப்புகளைத் தேடி வாங்குகிறேன்.

மகளைத் திருப்பதி தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரைக்கு ஒரு மே மாதம் கூட்டிப் போனேன். பெண்களைச் சீரழித்த பாளெகாடு என்ற பாளையக்காரனைத் தேடி அம்மன் தினம் ஒரு வேஷம் போட்டு வந்தாள் என்பது கதை. அதனால் ஊரே வேஷம் போடுகிறது. மீசைக்காரர்கள் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவதும் நேர்த்தியில் சேர்த்தி.

"நைனா, இது அப்படியே சுஸ்கே–விஸ்கே கதை. யாராவது வரைஞ்சிருக்காங்களா?" என்றாள்.

யாராவது வரையட்டும். வேஷக்காரர்களின் வசவை மட்டும் திருத்தாமல் விடட்டும்; பாதி தெலுங்கு, பாதி தமிழ், எதுவும் அச்சேறத் தகாதது.