நீலம் நிக்கிற தாள்

2008 இல் மாங்குளத்தை விட்டு வெளிக்கிடேக்க அல்பம் வீட்டோடயே போச்சு. அம்மப்பாவின் படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை. அம்மம்மா மடிக்குள்ள கட்டிக்கொண்டு வந்த அவரின்ர பாக்குவெட்டிதான் மிச்சம்.

அதை சயனோடைப்பில் பதிக்க நினைத்தேன். 1842 இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த முறை. கமரா வேண்டாம், வெயில் போதும். பெரிக் அமோனியம் சிற்றேற்றையும் பொட்டாசியம் பெரிசயனைட்டையும் தனித்தனியே கரைத்து, சம அளவில் கலந்து, மங்கல் வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவைத்தேன்.

முதல் படம் வெளிறிப் போச்சு. பிழை தாளில். ஓவியத் தாள்கள் பலவற்றில், மஞ்சளாகாமல் இருக்க, சுண்ணக்கல் தூள் சேர்க்கிறார்கள். காரத்தில் இந்த நீலம் நிக்காது.

“சுண்ணாம்பு கூடினா வெத்திலையும் வாயை வேக வைக்கும்தானே,” எண்டா அம்மம்மா.

அடுத்த தாளை, பூசுவதற்கு முதல், சிற்றிக் அமிலம் கரைத்த தண்ணியில் ஊறவைத்து, அலசி, காயவிட்டேன். பிறகு பூசி, பாக்குவெட்டியை மேலே வைத்து முற்றத்து வெயிலில் விட்டேன். கழுவக் கழுவ நீலம் இறுகியது. நடுவில் வெள்ளையாகப் பாக்குவெட்டி.

அம்மம்மா கன நேரம் பார்த்தா.

“பிடி தேய்ஞ்சது தெரியுது. அவற்ர கை பட்ட இடம்.”