கரீஃப் என்னும் சொல்

1998ஆம் ஆண்டில் ஒரு மாணவனின் விடைத்தாளில் நான் இட்ட இரண்டு சிவப்புக் கோடுகளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அரபு நாடொன்றின் இயற்கையை அரபியில் பத்து வரிகளில் வருணிக்க என்பது வினா. மற்றப் பிள்ளைகள் நான் கற்பித்தவாறே மணலையும் ஒட்டகத்தையும் பேரீச்சையையும் எழுதினர். அவன் மட்டும், ஓமன் நாட்டில் தென்னந்தோப்புகள் உண்டென்றும், ‘கரீஃப்’ வந்தால் மலைகள் பசுமை பூணும் என்றும் எழுதியிருந்தான். கரீஃப் என்பது இலையுதிர் காலம். இலை உதிரும் பருவத்தில் மலை பசுமை பூணுவது எங்ஙனம்? இரண்டு வாக்கியங்களையும் அடித்தேன். வகுப்பில் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தனர். அவனுடைய வாப்பா அந்நாட்டின் தென்கோடியிலுள்ள ஸலாலாவில் தேநீர்க் கடையொன்றில் பணிபுரிந்தார் என்பதை நான் அறியேன், கேட்கவுமில்லை.

2023 ஜூலையில், மஸ்கத்தில் பணியாற்றும் என் மருமகனின் அழைப்பின் பேரில் ஓமன் சென்றேன். கரும்பாறைக் குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெண்ணிற நகரம் மஸ்கத். இரவிலும் அனல் தணியவில்லை. என் பாடம் சரிதான் என்று உள்ளூர ஒரு நிறைவு தோன்றியதை மறைப்பானேன்?

அந்நிறைவு நிஸ்வாவில் சற்றே ஆட்டங்கண்டது. அங்குள்ள பதினேழாம் நூற்றாண்டு வட்டக் கோட்டையைக் காட்டிலும் தாரிஸ் ஃபலஜ் என்னும் கால்வாயே என்னை நிறுத்தி வைத்தது. நிலத்தடி நீரை, இறைக்கும் கருவி ஏதுமின்றி, நிலச்சரிவின் போக்கிலேயே தோட்டங்களுக்குக் கொணரும் ஏற்பாடு இது. பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் கண்டு நேரம் அளந்து நீரைப் பங்கிட்டிருக்கிறார்கள். பிளத்தல், பகுத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் ஃபலஜ். வேரை நான் கற்பித்திருக்கிறேன், நீரைக் கண்டதில்லை. அருகே ஜபல் அக்தர் மலையில், 2000 மீட்டர் உயரத்தில், மாதுளையும் ரோஜாவும் படிக்கட்டு வயல்களில் வளர்கின்றன.

நிஸ்வாவிலிருந்து தெற்கே ஸலாலாவுக்கு ஒரு முழுநாள் பயணம். மணலைத்தான் எதிர்பார்த்தேன், சாலையோரத்தில் பெரும்பாலும் சரளை நிலமே. ருபுவுல் காலி என்னும் பெருமணற்பரப்பு மேற்கே ஒதுங்கிக் கிடந்தது. தும்ரைத்தைக் கடந்து வறண்ட குன்றுகளில் ஏறி உச்சியைத் தாண்டியதும் வண்டியின் கண்ணாடி நனைந்தது. மருமகன் விளக்கைப் போட்டார். மூடுபனி! சரிவெங்கும் புல், புல்லில் பசுக்கள், அவற்றினிடையே ஒட்டகங்களும் மேய்ந்தன. குற்றாலத்திற்குச் சாரல் கொணரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை இம்மலைகளையும் நனைக்கிறது. ஈரம் முகட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பாலுள்ள வறண்ட பள்ளத்தாக்குகளில் சாம்பிராணி மரங்கள் நிற்கின்றன.

இப்பருவத்திற்கு அவ்வூரார் இட்ட பெயர் கரீஃப். பழைய அரபு அகராதிகள் அச்சொல்லுக்கு மழை என்னும் பொருளையும் தருகின்றன. அன்று நான் அகராதியைப் புரட்டியிருக்கலாம். மலைவாழ் முதியவர் ஒருவரிடம் ஸலாம் சொல்லி உரையாட முனைந்தேன். அவர் தம் மகனிடம் ஜிப்பாலி மொழியில் ஏதோ கூறினார். அது அரபுக்கு உடன்பிறப்பான வேறொரு பழைய மொழி. இத்தனை ஆண்டுகள் அரபு கற்பித்த எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஸலாலா நகரில் சாலையோரமெங்கும் தென்னையும் வாழையும் பப்பாளியும். இளநீர்க் கடைகள் வரிசையாக இருந்தன. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, தென்னையையும் வெற்றிலையையும் கண்டு, இந்தியாவிலன்றி இவ்வூரில்தான் இவை உள்ளன என்று தம் பயண நூலில் குறித்திருக்கிறார். அந்நூல் என் அலமாரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே, ஊரில் மளிகைக்கடை நடத்தும் அந்த மாணவரின் எண்ணைத் தேடிப் பெற்று அழைத்தேன். செய்தியைச் சொன்னேன். சிறிது நேரம் மறுமொழி இல்லை.

“வாப்பா எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், ஹஜ்ரத். அவர் விடுமுறையில் வந்தபோது தாளைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.”

அவர் வாப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகளாகிவிட்டன. தேநீர்க்கடை எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டேன். பெரிய சந்தைக்குப் பின்புறம் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. மருமகனை அழைத்துக்கொண்டு, தூறலில் அப்பக்கம் நடந்தேன்.