பங்குக் கிணறும் புதிய பம்பும்

ஆறில்லாத நாட்டிற் பிறந்தவர்க்குக் கிணறே ஆறு, கிணறே குளம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்குவதே எமக்குள்ள ஒரேயொரு சேமிப்பு. அச்சேமிப்பை எமது முன்னோர் துலாவாலும் கப்பியாலும் அளந்து அளந்து எடுத்தனர். நாமோ ஆளியைத் தட்டி எடுக்க விரும்புகிறோம். இவ்விருப்பம் தவறன்று, ஆயினும் அதற்குமுன் சிந்திக்க வேண்டியவை சில உள.

எமது வீட்டில் இவ்விருப்பம் சோம்பலால் எழுந்ததன்று. எழுபத்தெட்டு வயதான எமது அன்னையாருக்குத் தோள்மூட்டில் நோவு கண்டு, வாளி இழுத்தல் இயலாததாயிற்று. பிறர் அள்ளி வைக்கும் நீரில் குளிப்பதோ அவருக்கு மனமொவ்வாதது. தாமே குழாயைத் திறந்து, தாம் விரும்பிய வேளையில் நீராட வேண்டும் என்பதே அவரது ஆசை. ஆகவே பம்பு ஒன்று பூட்டுவதென வீட்டில் முடிவு செய்தோம்.

கூரைமேல் தாங்கி வைப்பதா, அமுக்கப் பம்பு வைப்பதா என்பது முதற்கேள்வி. நீர் பத்து மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கிடைக்கும். எமது ஓட்டுக்கூரை வீட்டின் அருகே நான்கு மீற்றர் உயரத்தில் தாங்கி அமைத்தாலும் அதில் ஐந்தில் இரண்டு பங்கே தேறும். அமுக்கப் பம்பிலோ சிறிய உருக்குத் தாங்கி ஒன்று உண்டு. அதனுள் றப்பர்ப் பையின் ஒரு புறம் நீர், மறுபுறம் காற்று. பம்பு நீரைத் தள்ளக் காற்று சுருங்கும். குழாயைத் திறக்கச் சுருங்கிய காற்றே நீரை வெளியே தள்ளும். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலாகக் குறைந்ததும் ஆளி மோட்டரை இயக்கும். 35 இறாத்தல் ஆனதும் நிறுத்தும். இத்தாங்கி இல்லையேல், ஒருவர் கை கழுவும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் விழித்தெழ வேண்டிவரும். அதன் ஆயுளும் குறையும். தாங்கியிலுள்ள காற்றை, நீர் முழுவதையும் வடித்தபின் அளந்து, இயங்கும் அமுக்கத்துக்கு இரண்டு இறாத்தல் குறைவாக வைத்தல் முறை.

அடுத்தது வலு. கடைக்காரர் ஒன்றரைக் குதிரைவலுப் பம்பைக் காட்டி, “பெரிதாய் இருந்தால் நல்லதுதானே” என்றார். உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டு குழாய்களை ஒருங்கே திறந்தால் நிமிடத்துக்கு 20 லீற்றர் போதும். கிணற்றின் ஆழத்தையும் குழாயின் அமுக்கத்தையும் சேர்த்து 25 மீற்றர் உயர்த்துவதாகக் கொண்டால், நீருக்குத் தேவையான வலு ஏறத்தாழ 82 வாட் மாத்திரமே. சிறிய பம்புகள் தாம் உட்கொள்ளும் வலுவிற் கால் பங்கையே நீருக்கு அளிப்பதாகக் கொண்டாலும் 330 வாட்டுக்கு மேற்படாது. அரைக் குதிரைவலு என்பது 373 வாட். ஆகவே அரைக் குதிரையே எமது வீட்டுக்குப் போதுமான குதிரை என முடிவாயிற்று.

பம்பு நீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் அது குழாயினுள் வெற்றிடத்தை ஆக்க, வெளியேயுள்ள காற்றின் பாரமே நீரை மேலே தள்ளுகிறது. உறிஞ்சு பம்பு ஓர் எல்லைக்கு மேல் நீரை உயர்த்தாது என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார். அவர் வழிவந்த தொரிசெல்லி 1643இல் செய்த பரிசோதனையால் காரணம் விளங்கிற்று. கணக்கின்படி அவ்வெல்லை 34 அடி. நடைமுறையில் 25 அடி. எமது கிணறு 26 அடி ஆழம். ஆவணியிலும் நீர் 20 அடியில் நிற்கும். ஆதலால் மேலேயே பம்பை வைத்தல் சாலும்.

இவ்வளவும் எளிதாய் முடிந்தது. இடர் இதன்பின்னரே எழுந்தது. அக்கிணறு எமக்கு மாத்திரம் உரியதன்று. உறுதியில் ஐந்து வீட்டாருக்குப் பங்குண்டு. ஏனைய நால்வரும் இன்றும் வாளியால் அள்ளுவோரே. கேளாமற் பூட்டுதல் முறையன்று எனக் கருதிக் கிழக்கு வீட்டுப் பெரியவரிடம் சென்றோம். அவர் யாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, இயந்திரம் உம்முடையது, ஊற்று எல்லாருடையதுமல்லவோ?” என்றார்.

அவர் கேள்வியில் ஞாயம் இருந்தது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயிருக்க, அடிநீர் உவர்க்கும். குடாநாட்டின் நிலையும் அதுவே. கனமான கடல்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லையாய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும். மேலே ஓர் அடி குறைந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி ஏறிவிடும். வாளி இழுக்கும் கைக்குக் களைப்புண்டு; அக்களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டருக்குக் களைப்பில்லை.

மூன்று மாலைகள் கிணற்றடியில் ஐந்து வீட்டாரும் கூடிப் பேசினோம். முடிவில் தீர்வு ஒரு சிறு வால்வின் உயரத்தில் அமைந்தது. உறிஞ்சு குழாயின் அடியில், நீர் திரும்பாதபடி தடுக்கும் வால்வைச் சேறு ஏறாதிருக்க இரண்டடி உயர்த்திவைப்பதே வழக்கம். நாமோ கிணற்றின் அடியிலிருந்து நான்கடி உயர்த்தினோம். நீர் ஐந்தடியாகக் குறைந்ததும் மோட்டரை நிறுத்தும் மிதவை ஆளி ஒன்றையும் இணைத்தோம். வறட்சியில் முதலில் நீரை இழப்பது பம்பே. கடைசி ஐந்தடியும் வாளிக்கு உரியது. பம்பும் நீரின்றி ஓடிக் கருகாது. கிணற்றின் உட்சுவரில் அவ்வுயரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றைப் பெரியவரே தீட்டுவித்தார்.

ஈரம் நிறைந்த இடமாதலால், மோட்டரின் உடலுக்கு மண்ணோடு இணைக்கும் கம்பியும், கசிவு கண்டதும் மின்னைத் துண்டிக்கும் ஆளியும் பொருத்தினோம். இவை இரண்டும் இன்றிக் கிணற்றடியில் மின்சாரத்தைக் கொண்டுவருதல் உயிரோடு விளையாடுதலாகும். கப்பியையும் கயிற்றையும் நாம் கழற்றவில்லை. 1990இன் பின் ஆண்டுக்கணக்காய் மின்சாரமின்றி வாழ்ந்த மக்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

சென்ற புரட்டாதியில் நீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது; மோட்டர் தானே நின்றது. பதினொரு நாட்கள் நாமும் பிறரைப்போல் வாளியால் அள்ளினோம். அன்னையாருக்குப் பேரப்பிள்ளைகள் அள்ளி வார்த்தனர். அவரும் முகங்கோணாது ஏற்றார். “கோட்டுக்கு நானும் கட்டுப்பட்டவள்தானே” என்றார்.

மழை பெய்து நீர் ஏறியபின், பெரியவர் எமது பம்பின் விலையை விசாரித்தார். மூப்பு அவருக்கும் வந்துவிட்டது. அவர் வாங்கப்போவதும் அரைக் குதிரைவலு. வால்வும் அதே நான்கடியில். பம்புகள் பெருகினால் கோட்டை இன்னும் உயர்த்த வேண்டிவருமோ என்று ஐந்து வீட்டாரும் மறுபடியும் கூடிப் பேசவிருக்கிறோம்.

பம்பு வாங்க எண்ணும் அன்பர்களே, குதிரைவலுவைக் கணக்கிட்டு வாங்குங்கள். பங்குக் கிணறாயின், கடைக்குச் செல்லுமுன் அயல்வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.