பத்து வெற்றி, பத்து தோல்வி

அமெரிக்க பேஸ்பாலின் தலைசிறந்த பிட்ச்சர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க் அணியில் இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்பதுதான் ரசிகர்களின் கவலை.

பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்ச்சரின் திறமைக்கு எளிமையான ஓர் அளவுகோல் உண்டு. ஃபீல்டர்களின் தவறால் போன ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்கள். நான்கு என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் கெட்டிக்காரர். இரண்டுக்கும் கீழே இறங்கினால் அந்த ஆண்டு முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸ் 2025-ல் கொடுத்தது 1.97. நேஷனல் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதுக்கு முதலிட ஓட்டுகள் ஒன்றுகூடச் சிதறாமல் அவருக்கே விழுந்தன. அதே ஆண்டில் அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றிகள் 10. தோல்விகளும் 10.

ஒரு பிட்ச்சர் தோற்பதற்கு எதிரணி அடித்து நொறுக்க வேண்டும் என்பதில்லை. சொந்த அணி சும்மா இருந்தாலே போதும். 2025-ல் பைரேட்ஸ் 162 ஆட்டங்களில் எடுத்த ரன்கள் 583. மேஜர் லீகின் 30 அணிகளில் இதுதான் மிகக் குறைவு. ஹோம் ரன்களிலும் கடைசி இடம். 71 வெற்றி, 91 தோல்வியுடன் தன் பிரிவின் அடிமட்டத்தில் அணி ஆண்டை முடித்தது.

டெண்டுல்கர் அவுட்டானதும் டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்துபோன தலைமுறைக்கு இந்த ஒற்றை ஆள் அணியின் வேதனை நன்றாகவே புரியும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டெண்டுல்கரை ஆஸ்திரேலியா விலைக்கு வாங்கிப் போய்விடுமோ என்ற பயம் நமக்கு இருந்ததில்லை. பிட்ஸ்பர்க் ரசிகருக்கு அந்தப் பயம் கூடவே பிறந்தது.

காரணம், பேஸ்பாலின் சம்பள ஏற்பாடு. மேஜர் லீகுக்குள் வந்த வீரர் முதல் ஆறு ஆண்டுகள் தன் அணிக்குக் கட்டுப்பட்டவர். அதிலும் ஆரம்ப ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் காசு. ஆறு ஆண்டு முடிந்தால் யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். அணிகள் மொத்தமாக எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. எனவே 2025-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் சம்பளத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அதே பருவத்தைத் தொடங்கியபோது பைரேட்ஸின் சம்பளப் பட்டியல் 10 கோடியைத் தொடவில்லை. 2024 மே மாதம் முதல் ஆட்டம் ஆடிய ஸ்கீன்ஸ் 2029 பருவத்தோடு சுதந்திர மனிதர். பிட்ஸ்பர்க்கில் அணிப் பட்டியலைப் பார்ப்பதும் காலண்டரைக் கிழிப்பதும் ஒன்றுதான்.

கிழித்த தாள்கள் நிறைய. 1990 முதல் 1992 வரை மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி இது. பாரி பாண்ட்ஸ் அப்போது இங்கேதான் இருந்தார். 1992 அக்டோபர் 14 அன்று அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் வரை 2-0 என்று முன்னிலை. அந்த இன்னிங்ஸில் எல்லாம் கைநழுவியது. பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்குள் சறுக்கிக்கொண்டு போய் வெற்றி ரன்னை எடுத்தவர் சிட் பிரீம். ஓட்டத்தில் மந்தமானவர் என்று பெயரெடுத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை பைரேட்ஸின் சொந்த வீரர். ஒரு ரசிகரை வாட்ட இதைவிடக் கச்சிதமாக யாரும் கதை கட்ட முடியாது. இரண்டே மாதத்தில் பாண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அதன்பின் 2012 வரை இருபது பருவங்கள், ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை.

2013-ல் விடிந்தது போலிருந்தது. ஆண்ட்ரூ மெக்கட்சன் லீகின் மதிப்புமிக்க வீரரானார். அக்டோபர் 1 இரவு, கறுப்பு உடையில் வந்த கூட்டம் சின்சினாட்டி பிட்ச்சர் ஜானி குவேட்டோவின் பெயரை ராகம் போட்டு இழுக்க, அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எறிந்த அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அந்த இரவைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பேச வேறென்ன இருக்கிறது? 2015-ல் 98 ஆட்டங்கள் ஜெயித்தும் ஒரே நாக்-அவுட் ஆட்டத்தோடு வெளியேறினார்கள். 2018 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் மெக்கட்சனும் பிட்ச்சர் கெரிட் கோலும் வேறு அணிகளுக்குக் கைமாறினார்கள். கோலை பிற்பாடு நியூயார்க் யாங்கீஸ் 32.4 கோடி டாலருக்கு எடுத்தது. 2018 ஜூலையில் அனுப்பப்பட்ட டைலர் கிளாஸ்னோ 2025-ல் டாட்ஜர்ஸோடு சாம்பியன் ஆனார். 2016 முதல் 2025 வரை பிட்ஸ்பர்க்கில் பிளே-ஆஃப் ஆட்டமே இல்லை.

இந்த அணியின் வரவேட்டில் இரண்டு இந்தியப் பெயர்களும் உண்டு. 2008-ல் இந்தியா முழுவதும் நடந்த பந்து எறியும் போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்களை அந்த ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. அவர்கள் கதையை 2014-ல் ஹாலிவுட் படமாக்கியது, இசை ஏ.ஆர். ரஹ்மான். மலிவான விலையில் திறமையைத் தேடும் அணிக்கு அது ஒரு பரிசோதனை. அந்த ஆர்வத்தை ரசிகர்கள் குறை சொல்வதில்லை. தேடிக் கிடைத்ததை வைத்துக்கொள்வதில்லையே என்பதுதான் கோபம்.

கோபம் குவியும் இடம், 2007-லிருந்து அணியைக் கையில் வைத்திருக்கும் பாப் நட்டிங். பத்திரிகைகள் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சின்ன ஊர், சின்ன வருமானம் என்பது நிர்வாகத்தின் பழைய பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே பிரிவில் ஆடும் மில்வாக்கி, பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய சந்தை. 2025-ல் 97 வெற்றிகளோடு 30 அணிகளிலும் முதலாவதாக நின்றது மில்வாக்கிதான். ஊரின் அளவைக் காரணம் காட்டுவது இதற்குப் பிறகு அவ்வளவு சுலபமில்லை. பிட்ஸ்பர்க்கின் கால்பந்து அணி ஸ்டீலர்ஸ் ஆறு முறையும், ஐஸ் ஹாக்கி அணி பென்குவின்ஸ் ஐந்து முறையும் கோப்பை வென்றவை. அந்த விளையாட்டுகளில் சம்பள உச்சவரம்பு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பைரேட்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1979-ல்.

2025 ஏப்ரலில் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே "அணியை விற்று விடு" என்று கூட்டம் கத்தியது. அந்த மாதம் பட்ட புண்கள் வேறு. அலகேனி ஆற்றங்கரை மைதானத்தின் வலப்பக்கச் சுவரில், மறைந்த ராபர்ட்டோ கிளமென்டேயின் நினைவாக இருந்த 21 என்ற எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் வந்தது. கிளமென்டே சாதாரணப் பெயரல்ல. நிகரகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து 1972-ன் கடைசி நாளில் இறந்தவர். மகன் ஆட்சேபித்தார். ஊர் கொதித்தது. எண் திரும்ப வந்தது. அதே சமயத்தில், மைதானம் கட்டியபோது ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் பொறிக்கச் செய்த செங்கற்கள் ஒரு கழிவுக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படமும் வெளியானது. தோல்வியைப் பொறுத்துக்கொண்டவர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை.

இனி அணி. பந்து எறிவதில் குறை சொல்ல இடமில்லை. ஸ்கீன்ஸுக்குப் பின்னால் 7.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் மிட்ச் கெல்லர், 2025 ஆகஸ்டில் அறிமுகமான பப்பா சாண்ட்லர், முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போன ஜாரெட் ஜோன்ஸ். மட்டைப் பக்கம்தான் வறட்சி. பிரயன் ரேனால்ட்ஸுக்கு 2023-ல் கொடுத்த 10.67 கோடி டாலர், அன்றைய நிலையில் கிளப்பின் சரித்திரத்திலேயே பெரிய ஒப்பந்தம். ஆறடி ஏழங்குல உயரமுள்ள ஓனீல் குரூஸ் ஒரு புதிர். 2025 மேயில் அவர் அடித்த ஒரு பந்து மணிக்கு 198 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. 2015-ல் இந்த அளவீடு தொடங்கியதிலிருந்து அவ்வளவு வேகமாக யாரும் அடித்ததில்லை. அந்த ஆண்டில் அவர் சராசரியோ .200. ஐந்துக்கு ஒன்று. அடித்தால் ஆகாசம், இல்லாவிட்டால் பெஞ்சுக்கு நடை.

நிர்வாகத்துக்கும் ஒருவழியாக உறைத்திருக்க வேண்டும். 2025 டிசம்பரில், அந்தப் பருவத்தில் 31 ஹோம் ரன் அடித்திருந்த பிராண்டன் லோவை டம்பா பேயிடமிருந்து வாங்கினார்கள். அடுத்த மாதம் ரையன் ஓஹெர்னுக்கு இரண்டு ஆண்டுக்கு 2.9 கோடி டாலர். பிட்ஸ்பர்க் கணக்கில் இது ஊதாரித்தனம். லோவின் ஒப்பந்தமோ 2026-உடன் முடிவது. கானர் கிரிஃபின் என்ற மிசிசிப்பிப் பையன்மீதுதான் பெரிய எதிர்பார்ப்பு. 2024-ல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எடுக்கப்பட்டவர். 2025-ல் சிறிய லீகுகளின் மூன்று படிகளில் ஆடி .333 சராசரி, 21 ஹோம் ரன். அப்போது அவருக்கு வயது 19. ஸ்கீன்ஸ் இருக்கும்போதே இவர் முழு ஆட்டக்காரர் ஆகிவிட வேண்டும் என்பது ரசிகரின் பிரார்த்தனை. இருவரும் சேர்ந்து ஆடக் கிடைப்பது அதிகம் போனால் நான்கு பருவங்கள். கிரிஃபினுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லி நல்ல மட்டை வாங்காமல் விட்டால், அது பொறுமையல்ல, கஞ்சத்தனம்.

ஜூலைக் கடைசியை ஒட்டி அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் கெடு முடிகிறது. 2025-ல் அந்த வாரம் கிப்ரயன் ஹேஸ் சின்சினாட்டிக்கும், பிட்ஸ்பர்க்கை அடுத்த மார்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த டேவிட் பெட்னர் யாங்கீஸுக்கும் போனார்கள். அந்த வாரத்தில் பிட்ஸ்பர்க் ரசிகர் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. பேப்பரில் யார் பெயர் அடிபடுகிறது என்றுதான் பார்க்கிறார்.