நல்ல கிடா பட்டிக்கே போகட்டும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கன்னி ஆடு வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. கருப்பு உடம்பில் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி. கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. எங்கள் பொலிகிடா பால்கன்னி. வெளியூர்ப் பட்டியிலிருந்து குட்டியாக வாங்கி வந்து வளர்த்தோம். அது நல்ல திடத்தோடு இருக்கும்போதே இந்த ஆண்டு விற்றுவிட்டோம்.

ஆடு வளர்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். பிறக்கும் பெட்டைக் குட்டி ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். கிடா சேர்ந்து இரண்டு வருடம் ஆவதற்குள் அதன் மகள்களே அதனோடு மேயத் தொடங்கிவிடும். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கிற குட்டிகள் பல நேரம் எடை குறைந்து, நோஞ்சானாக நிற்கும். 20, 25 பெட்டைக்கு ஒரு கிடா என்பது கணக்கு. பட்டியில் விழுகிற ஒவ்வொரு குட்டியிலும் பாதி அந்த ஒரே கிடாவுடையது. அதனால்தான் அதை மாற்ற வேண்டியிருக்கிறது.

யாருக்கு விற்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப் போனால் முதுகைத் தடவிப் பார்த்தே கறி எத்தனை கிலோ நிற்கும் என்று சொல்லி, கையில் பணத்தை வைத்துவிடுவார்கள். பண்டிகை நெருங்கினால் விலை இன்னும் ஏறும். அம்மாவுக்கு மனசு வரவில்லை. "பத்துப் பட்டிக்கு ஆகுற கிடாவை ஒரு நாள் கறிக்கா குடுக்கணும்?" என்றாள்.

பக்கத்து ஊரிலிருந்து ஆடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், ஆறு பல். விரை இரண்டும் ஒரே அளவா என்று தொட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் காலைக் கவனித்தார்.

"தாய் எத்தனை குட்டி போடும், தம்பி?"

"ரெட்டைதான் அண்ணாச்சி. இதுவும் ரெட்டைல ஒண்ணு."

துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட்டதைச் சொன்னேன். மழைக்காலத்தில் ஒரு குளம்பு அழுகி ஆறியதையும் மறைக்காமல் சொன்னேன். கறிக்கு வாங்குகிறவருக்கு எடை தெரிந்தால் போதும். பட்டிக்கு வாங்குகிறவர் அடுத்து வரும் தலைமுறைகளையும் சேர்த்து வாங்குகிறார். அவரிடம் ஒன்றை மறைத்தால் அவர் பட்டியே கெட்டுப்போகும். சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார். சம்மதித்தோம்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பது வேறு. வேகமாக வளர்கிற கிடாக்குட்டிதான் முதலில் காசாகிறது. அவசரச் செலவு வந்தால் கொழுத்ததைத்தான் பிடித்துக் கொடுக்கிறோம். விலை போகாமல் நின்ற மெலிந்த கிடா பட்டியில் தங்கி, பெட்டைகளோடு சேர்கிறது. வருடா வருடம் இப்படியே நடந்தால் நல்ல இனமும் சிறுத்துப் போகும். வானம் பார்த்த பூமியில் காய்ந்த வேலியைக் கடித்தே பிழைத்து, இரட்டைக் குட்டி போடுகிற ஆடு இது. ஒருமுறை இழந்தால் காசு கொடுத்து மீட்க முடியாது.

ஆடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஈற்றிலும் முதல் தரமான கிடாக்குட்டி ஒன்றைப் பட்டிக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்துப் பட்டிகளோடு கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். விலை ஆயிரம் ரூபாய் குறைந்தாலும், நல்ல பொலிகிடாவை வளர்க்கிறவர் கையிலேயே கொடுங்கள்.