சாக்பீஸ் தின்ற பிள்ளையைத் திருடி என்றேன்

இளையரசனேந்தல் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வகுப்பாசிரியராக இருந்தவன் நான். பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவர்கள் அதை விழுங்கினார்களா என்று நான் பார்க்கவில்லை. விழுங்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் தவறாமல் போட்டேன். அந்த மாத்திரை மிகவும் தேவைப்பட்ட ஒருத்தியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திருடி என்றும் சொன்னேன். இந்த இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். அதை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய திட்டம் அது. 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். சாப்பிட்ட பிறகு, ஆசிரியர் கண்முன்னே விழுங்க வேண்டும். ஆண்டுக்கு 2 முறை குடற்புழு மாத்திரையும் உண்டு. விதி அவ்வளவுதான். யாருக்கும் கடினமானதல்ல.

நான் காலை முதல் பீரியடிலேயே கொடுத்து முடித்துவிடுவேன். பெயர் கூப்பிடுகிற கையோடு இந்த வேலையும் தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. காலையில் எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும், அம்மா ஏறிப் போய்விடுவாள். உளுந்து பறிக்கிற நாளில், மக்காச்சோளம் ஒடிக்கிற நாளில் கரிசல் காட்டுக்குப் போயிருப்பாள். மூத்த பெண்பிள்ளைதான் தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலைசீவி விட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடி வருவாள். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதும் ஐந்தாம் வகுப்பு வரைதான். வயதுக்கு வந்து, உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிற பருவத்தில் பிள்ளை காலைப் பட்டினியோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மதியம் சத்துணவு முடிந்ததும் கொடுத்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் நான் ஆசிரியர் அறையில் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன்.

பிள்ளைகள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குழாயடிக்கு ஓடுவார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது சிமெண்டு வாய்க்காலில் நீலமாய் ஒரு கறை ஓடியிருந்தது. மேல்பூச்சு கரைந்துபோன மாத்திரைகள் புளியங்கொட்டை போலக் குவிந்து கிடந்தன. சத்துணவு அக்கா துடைப்பத்தோடு நின்றாள். “வாரா வாரம் இப்படித்தான் சார். வவுத்தப் பெரட்டுதாம். வெளிக்கிக் கறுப்பாப் போகுதாம். பிள்ள பெறக்காமப் போயிருமுன்னு வேற யாரோ சொல்லி வச்சிருக்காக” என்றாள். குமட்டல் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் குறையும். கறுப்பாகப் போவது இரும்பால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பிறக்காது என்பது வெறும் வதந்தி. இந்த மூன்றையும் சொல்லப் பத்து நிமிடம் போதும். “கூட்டித் தள்ளிருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமும் பதிவேட்டில் எல்லோரும் விழுங்கியதாகவே எழுதினேன்.

அந்த வகுப்பில்தான் சாக்பீஸ் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் எப்போதும் தலையைச் சாய்த்திருக்கும் ஒரு பெண். நடந்தால் மூச்சு வாங்கும், கேள்வி கேட்டால் எழுந்திருக்கவே நேரமாகும். சோம்பேறி என்று முடிவுகட்டியிருந்தேன். ஒருநாள் அவள் ஜாமெட்ரி பாக்ஸில் சாக்பீஸ் துண்டுகளும் பல்பக் குச்சிகளும் இருந்தன. எழுப்பி நிறுத்தி, “திருடி” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் உதட்டோரத்தில் வெள்ளையாய் மாவு ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்துப் பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு வந்தது. டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இரண்டும் வெளுத்திருந்தன. அந்த வயதுப் பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அவளுக்கு 8-கூட இல்லை. “மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி ஏதாவது தின்னுவியாம்மா?” என்று டாக்டரம்மா கேட்டதும் அவள் என்னைத்தான் பார்த்தாள். இரும்புச்சத்து குறையும்போது இப்படிக் கண்டதையும் தின்னத் தோன்றும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாதவிடாயில் அவளுக்கு ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது நாள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுத் தேறினாள்.

ஏன் இப்படி இருந்தேன்? சோம்பல் என்றால் அது அரை உண்மைதான். முழு உண்மை, எனக்குக் கூச்சம். மாத்திரை எதற்கு என்று விளக்கினால் மாதாமாதம் போகிற ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைகள் முன்னால் ஓர் ஆண் வாத்தியார் அதைப் பேசுவதா என்று ஒதுங்கிக்கொண்டேன். இதே பிள்ளைகளின் சடங்கு வீட்டுக்குப் போய் மொய் எழுதியிருக்கிறேன். மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, ஊருக்கே சோறு போட்டு அறிவிக்கிற விஷயம் அது. அந்த நாட்களில் நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிறோம். பந்தலைப் பிரித்ததும் களியும் நிற்கிறது, பேச்சும் நிற்கிறது. அடுத்த முப்பது வருடம் அந்த உடம்பு இழக்கப்போகும் ரத்தத்தை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்று வீட்டிலும் யாரும் சொல்வதில்லை, பள்ளியிலும் நான் சொல்லவில்லை.

என் கூச்சத்தின் அளவை எண்ணாகப் பார்த்தபோது பயந்துபோனேன். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அப்படியானால் என் வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் இருந்திருக்க முடியாது. அதே வயது ஆண்பிள்ளைகளில் 31 சதவீதம். ஆண்பிள்ளைகளை நான் இந்தக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லீவு வந்தால் மாத்திரை அட்டைகளை மொத்தமாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். 2023 மார்ச்சில் ஊட்டியில் எட்டாம் வகுப்பு மாணவிகள் சிலர் இதே சத்து மாத்திரையைப் போட்டி போட்டு விழுங்கினார்கள். 13 வயதுப் பிள்ளை ஒருத்தி மேல்சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனாள். செய்தியைப் படித்த அன்று எனக்குக் கைகால் ஓடவில்லை. அளவு மீறினால் இரும்பு வயிற்றைப் புண்ணாக்கும், ஈரலைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். என் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் நேராமல் போனது என் கவனத்தால் அல்ல.

நான் திருடி என்ற அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம், “தப்பு எம்மேலதாம்மா” என்றேன். “நீங்க என்ன சார் செய்வீக, எங்களுக்கே தெரியலயே” என்று அவர் காப்பி போட எழுந்தார். அவர் விட்டுக்கொடுத்ததால் என் பொறுப்பு தீராது. வகுப்பில் சொன்ன பழியை வகுப்பில்தான் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. அவள் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை சில பிள்ளைகளுக்கு அவள் சாக்பீஸ் திருடியாகவே இருந்தாள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். டீ, காப்பி ஒரு மணி நேரம் கழித்துப் போதும். ஒன்றுக்கு மேல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். முருங்கைக்கீரையும் கம்மஞ்சோறும் நம் மண்ணில் விளைகிறவை. கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகப் பிடிக்கும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறி ரத்தத்தைக் குடிக்கும், செருப்பில்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள். தலைசுற்றல், படபடப்பு, மண் தின்னும் ஆசை, ஒரு வாரத்தைத் தாண்டும் உதிரப்போக்கு, இதில் எது இருந்தாலும் வீட்டில் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரகசியமாகத் துப்ப வேண்டாம்.

என்னைப் போல வாத்தியாராக இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேர் விழுங்கவில்லையோ அதை உள்ளபடி எழுதுங்கள். 40 பேரில் 25 பேர் துப்பினார்கள் என்று நான் எழுதியிருந்தால், ஏன் என்று கேட்க மேலே இருந்து யாராவது வந்திருப்பார்கள். எல்லோரும் விழுங்கினார்கள் என்று எழுதி, அந்தப் பிள்ளைகளைத் தேடி எவரும் வராதபடி செய்தவன் நான்.